இடுப்பளவுத் தண்ணிதானே டீச்சர் என்றவர்களுக்கு

பதிவு நீளம். பாதி படித்துவிட்டு லைக் போட்டுப் போகிறவர்கள் இப்போதே போய்விடலாம், எனக்கு வருத்தம் இல்லை.

தீபாவளிக்கு மறுநாள் நம் பையன் ஒருவன் இங்கே ஒரு படம் போட்டிருந்தான். ஏரி நடுவில் பரிசல், அதில் நான்கு பேர். ஒருவன் எழுந்து நின்று இரண்டு கையாலும் ஒரு விராலைத் தூக்கிக் காட்டுகிறான். இரண்டு கிலோ இருக்கும், நல்ல மீன்தான். அவனுக்குப் பின்னால் வானம் கருத்துக் கிடக்கிறது. நான்கு பேரும் எங்கள் பள்ளியில் படித்தவர்கள். மூன்று பேருக்கு அனா ஆவன்னா கையைப் பிடித்து எழுதக் கற்றுக் கொடுத்தவள் நான். கீழே ஒரே வரி எழுதினேன்: "லைஃப் ஜாக்கெட் எங்கேப்பா?"

வந்த பதில்களைப் பாருங்கள். "இடுப்பளவுத் தண்ணிதான் டீச்சர்." "எல்லாருக்கும் நீச்சல் தெரியும் டீச்சர், பயப்படாதீங்க." "எங்க தாத்தா ஜாக்கெட் போட்டுக்கிட்டா மீன் பிடிச்சாரு?" எல்லாவற்றுக்கும் மேலே என் சொந்த அக்கா மகன்: "சித்தி, உங்களுக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியும். மீன் பிடிக்கிறதை எங்ககிட்ட விட்டுடுங்க." அதற்கு நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயரையும் பார்த்து வைத்திருக்கிறேன்.

சரி. மீன் குழம்பு வைக்கத் தெரிந்தவளே பேசுகிறேன், கேளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம், நம் பக்கத்து ஏரி ஒன்றில் ஒரு பையன் போய்ச் சேர்ந்தான். பெயர் எழுத மாட்டேன், மத்தூர்க்காரர்களுக்குத் தெரியும், அந்தக் குடும்பம் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறது. என்னிடம் படித்தவன். ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட் முடித்து இரண்டு நாள் லீவில் வந்திருந்தான். மூன்று பேர் பரிசலில் போனார்கள். சாயங்காலம் விரால் மாட்டியது. தூண்டில் பிடித்திருந்தவன் எழுந்து நின்றான். மற்ற இரண்டு பேரும் மீனைப் பார்க்க அதே பக்கம் எட்டினார்கள். பரிசல் கவிழ்ந்தது.

இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாதது, அல்லது தெரிந்தும் யாரும் யோசிக்காதது ஒன்று உண்டு. அந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. அவர்கள் பயத்தில் கவிழ்ந்த பரிசலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். காற்று பரிசலைக் கரைப் பக்கம் தள்ளியது, ஆடு ஓட்டி வந்தவர் கயிறு வீசி இழுத்தார், பிழைத்தார்கள். நீச்சல் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். "இடுப்பளவுதான், நான் நடந்தே போய் ஆள் கூட்டிட்டு வர்றேன்" என்று பரிசலை விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறான். இருபது அடி நடந்தான். அதற்கு அடுத்த அடியில் காணோம்.

துக்கத்துக்குப் போனபோது அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இடுப்பளவுத் தண்ணியில எப்படி டீச்சர் செத்துப் போவான்?"

முப்பத்து நான்கு வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றேன். சுற்றி இருந்தவர்கள் பதில் வைத்திருந்தார்கள்: தண்ணீரில் கண்டம், ஜாதகத்திலேயே இருந்தது, விதி. 2022-ம் வருடம் மட்டும் இந்த நாட்டில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுக்கிறது. இத்தனை பேருக்கும் ஒரே ஜாதகமா?

அதற்குப் பிறகு விசாரிக்க ஆரம்பித்தேன். கே.ஆர்.பி. அணையில் ஆயுசு முழுக்க வலை போட்ட ஒரு பெரியவரிடம் மூன்று தடவை போய் உட்கார்ந்திருக்கிறேன். ஏரியில் வண்டல் எடுத்த டிராக்டர்காரர்களிடம் பேசினேன். அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. அவரிடம் போய்ச் சொல்ல மனசு வரவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் இந்த "இடுப்பளவு". எந்த மாதத்து இடுப்பளவு? சித்திரையில் ஏரி வற்றிக் கிடக்கும்போது நீங்கள் கிரிக்கெட் ஆடிய தரை வேறு, ஐப்பசியில் அதன் மேல் தண்ணீர் நிற்கும்போது இருக்கிற தரை வேறு. நடுவில் பொக்லைன் வந்திருக்கிறது. குடிமராமத்து என்றும், விவசாயிகளுக்கு வண்டல் என்றும், அதைச் சொல்லிக்கொண்டு செங்கல் சூளைக்கும் என்றும் ஏரி ஏரியாக மண் எடுத்தார்கள். தூர் வாருவது நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏரியைச் சமமாகவா வாரினார்கள்? மண் நன்றாக இருந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழம், பக்கத்திலேயே முழங்கால் ஆழம். பள்ளத்துக்குச் சரிவு கிடையாது, கிணறு மாதிரி செங்குத்தாக இறங்கும். தண்ணீர் நிரம்பிவிட்டால் மேலே எல்லாம் ஒரே மட்டம், ஒரே நிறம். நம் பையன் அந்தப் பள்ளத்தில்தான் இறங்கினான். ஜீன்ஸ் பேண்ட், ஷூ, பாக்கெட்டில் செல்போன். நீச்சல் தெரிந்தவன்தான். ஜட்டியோடு கிணற்றில் குதிக்கிற நீச்சல்.

பள்ளம் இல்லாத இடத்தில் சேறு இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பாருங்கள், அதற்கு அடியில் முழங்கால்வரை களிமண் சேறு. ஒரு காலை இழுக்க மற்ற காலை ஊன்றினால் அது இன்னும் இறங்கும். இடுப்பளவு நெஞ்சளவு ஆகும். அங்கே பதறினால் முடிந்தது. பெரியவர் சொன்னார்: "சேத்துல நிக்கப் பாக்கக் கூடாதும்மா. மல்லாந்து படுத்துக் கைய அடிச்சா கால் தானா விடும்." இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. இதில் எனக்கும் பங்கு உண்டு. "மிதத்தலும் மூழ்குதலும்" பாடத்துக்கு வருடா வருடம் டம்ளரில் உப்புப் போட்டு முட்டையை மிதக்க விட்டுக் காட்டியவள் நான்தான். முட்டை மிதந்ததும் பிள்ளைகள் கை தட்டுவார்கள். மனுஷன் ஏரியில் எப்படி மிதப்பது என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. பள்ளியிலிருந்து ஏரிக்கரை பத்து நிமிட நடை.

சேறும் இல்லாத இடத்தில் சீமைக்கருவேலம். வறண்ட வருடங்களில் ஏரிக்குள் முளைத்து மரமாகி நின்றது, இப்போது தண்ணீருக்குள் முழுகி நிற்கிறது. விரால் அந்தக் கிளைக்குள்தான் ஒதுங்கும், அதனால்தான் நீங்களும் அங்கே போகிறீர்கள். பரிசலுக்கு அடியில் இருப்பது தார் பூசிய பிளாஸ்டிக் படுதா. கருவேல முள்ளுக்கு அது எம்மாத்திரம்? போதாததற்கு யாரோ விட்டுப்போன பழைய நரம்பு வலை. காலில் சுற்றினால் கையால் அறுக்க முடியாது. பிடிக்கப் போகிறவன் இடுப்பில் ஒரு சின்னக் கத்தி இருக்க வேண்டும் என்று பெரியவர் சொன்னது மீனை அறுக்க இல்லை.

அடுத்தது காற்று. "கடலா டீச்சர் இது, அலை அடிக்க?" என்று ஒருவன் கேட்டிருந்தான். நல்ல கேள்வி, உட்கார். ஆழமான தண்ணீரில் காற்று அடித்தால் அலை நீளமாக எழும், படகு அதோடு ஏறி இறங்கும். பரந்து கிடக்கிற, ஆழம் இல்லாத தண்ணீரில் அலைக்குக் கீழே இடம் கிடையாது. தரையில் முட்டும். அதனால் குட்டைக் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் பின்னால் ஒன்றாக இடைவெளி விடாமல் வரும். உயரம் ஒரு அடிதான் இருக்கும். ஆனால் நான்கு பேர் உட்கார்ந்த பரிசலின் விளிம்பு தண்ணீருக்கு மேலே எத்தனை அடி இருக்கிறது? உங்கள் படத்தையே பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சாண்கூட இல்லை. இரண்டு அலை உள்ளே வந்தால் மூன்றாவது அலைக்கு வேலையே இல்லை.

ஐப்பசி கார்த்திகையில் இந்தக் காற்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. மூன்று மணிக்கு வெயில், நான்கு மணிக்குக் கிழக்கே கருக்கும், நான்கரைக்குக் காற்று. புதுத் தண்ணீர் வரும்போதுதான் மீன் ஏறும், எனக்கும் தெரியும். அதே புதுத் தண்ணீர்தான் தரையை மாற்றுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலுக்கு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதே, நிறுத்தியிருந்த வேன்களை எல்லாம் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதே, அதற்கு முன்னால் இருந்த வாய்க்கால் முகம் அதற்கு அப்புறமும் அப்படியே இருந்ததா? போன வருடம் தெரிந்த ஏரி இந்த வருடம் தெரிந்த ஏரி ஆகாது. இடி மின்னலும் உண்டு. வெட்டவெளித் தண்ணீரில் உயரமான பொருள் நீங்கள்தான். கையில் வைத்திருக்கிற கார்பன் கம்பு மின்சாரம் கடத்தும்.

கே.ஆர்.பி. அணைக்கு முழுக் கொள்ளளவு 52 அடி. அது சுவர்ப் பக்கம். பின்னால் தண்ணீர் பரந்து கிடக்கிற பக்கம் போனால் ஆடு மாடு நடந்து போகும். "அம்பத்திரண்டு அடியில செத்தவங்களைவிட அஞ்சு அடியில செத்தவங்களத்தான் நான் அதிகம் தூக்கியிருக்கேன்" என்றார் அந்தப் பெரியவர். ஆழத்தைக் கண்டால் பயப்படுகிறோம், பரிசலை விடுவதில்லை. ஆழம் இல்லை என்று நினைக்கிற இடத்தில் விட்டுவிடுகிறோம்.

எழுந்து நிற்பதைப் பற்றி. பரிசல் வட்டம், அடி தட்டை, கீழே பிடிமானக் கட்டை எதுவும் கிடையாது. உட்கார்ந்திருக்கும்வரை அதைப்போலச் சமத்து இல்லை. ஒருவன் எழுந்தால் பாரம் மேலே போகிறது. மற்றவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் கவிழ்கிறது. பரிசலுக்கு மட்டும்தான் இது என்று நினைக்காதீர்கள். 2009 செப்டம்பர் 30 தேக்கடியில் இரண்டு அடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் காட்டு விலங்கைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் போனார்கள் என்று அப்போது பத்திரிகையில் படித்தோம். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் குடும்பத்தோடு உலாப் போன 22 பேர் போய்விட்டார்கள். 2024 ஜனவரி 18 வதோதரா ஹர்னி ஏரியில் பள்ளிக்கூடச் சுற்றுலா, 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும். அந்தச் செய்தி வந்த ராத்திரி நான் தூங்கவில்லை. எத்தனை வருடம் ஒகேனக்கலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன்! படகில் அளவுக்கு மேல் ஆள், பாதிப் பேருக்கு ஜாக்கெட் இல்லை. எங்கே விசாரித்தாலும் இந்த இரண்டும் வந்துவிடுகின்றன.

ஒகேனக்கல் என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் எல்லாரும் அங்கே பரிசலில் போன படம் என் கைவசம் இருக்கிறது. ஆரஞ்சு ஜாக்கெட், சிரித்த முகம். அங்கே பரிசலோட்டி போடச் சொன்னார், போட்டீர்கள். தண்ணீர் கூடினால் கலெக்டர் பரிசலுக்குத் தடை போடுகிறார், வாயை மூடிக்கொண்டு மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பி வருகிறீர்கள். சொந்த ஊர் ஏரிக்கு வந்ததும் அறிவு எங்கே போகிறது?

இன்னும் கேட்கிறேன். ஓசூர் சிப்காட்டிலும் போச்சம்பள்ளி சிப்காட்டிலும் வேலை பார்க்கிற என் பிள்ளைகளே, ஹெல்மெட் இல்லாமல் உங்களைக் கேட்டுக்குள் விடுவார்களா? இரும்பு முனை வைத்த ஷூ, கண்ணாடி, காதுக்கு அடைப்பான். "எங்க லைன்ல ஆயிரம் நாளா ஒரு விபத்துகூட இல்ல டீச்சர்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள், நானும் பெருமைப்பட்டிருக்கிறேன். ஒன்றரை லட்சம் ரூபாய் மெஷினில் கை வைக்க அத்தனை பாதுகாப்பு. ஞாயிற்றுக்கிழமை ஏரியில் ஒரு லுங்கியும் ஒரு பாட்டிலும். பாட்டிலைப் பற்றி நான் எழுதவில்லை என்று நினைத்தீர்களா? படத்தின் ஓரத்தில் தெரிகிறது. குடித்தவனுக்குத் தண்ணீரில் மேல் எது கீழ் எது என்றே குழம்பிப் போகும். அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம், உங்கள் மனைவிமார்களும் இந்தப் பதிவைப் படிக்கிறார்கள்.

தாத்தா ஜாக்கெட் போடவில்லை. உண்மை. தாத்தா ஏரியை நாள் தவறாமல் பார்த்தவர். எந்த மூலையில் என்ன என்று கால் சொல்லும். ஒருவர், மிஞ்சினால் இருவர். மண்டியிட்டு உட்கார்ந்து வலை விடுவார், நின்று படம் எடுக்க மாட்டார். மேகம் கண்டால் கரை ஏறுவார். அவர் பரிசலை எடுத்துக்கொண்டீர்கள், அவர் பழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்திலும் செத்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது முகநூல் இல்லை, நமக்குத் தெரியவில்லை.

"ஜாக்கெட் போட்டால் வேர்க்கும், கை வீச முடியாது" என்பதற்கு மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சுற்றுலாப் படகில் கொடுக்கிற தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தூண்டில் வீசுவது சிரமம்தான். கை அகலமாக வெட்டிய, மீன் பிடிக்கிறவர்களுக்கென்றே தைத்த மெலிந்த ஜாக்கெட் வருகிறது. நீங்கள் வாங்குகிற ரீல் என்ன விலை, தவளைப் பொம்மைகள் என்ன விலை என்று எனக்குத் தெரியும், அக்கா மகன் ஆர்டர் போட்டது என் விலாசத்துக்குத்தான் வந்தது. வாங்கியதை மாட்டவும் வேண்டும். ஒரு கோஷ்டி மூன்று ஜாக்கெட் வாங்கி, பரிசலில் மெத்தை மாதிரி போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. கவிழ்ந்த பிறகு தண்ணீரில் அதைத் தேடிப் பிடித்துக் கை நுழைத்துக் கொக்கி போடுவார்களாம்!

இனி அரசாங்கப் பக்கம். கரையில் ஒரு போர்டு வைத்துவிடுகிறார்கள்: "ஆழமான பகுதி. குளிக்கவோ மீன் பிடிக்கவோ கூடாது." அந்தப் போர்டின் மேலேயே வலையைக் காயப் போடுகிறார்கள். தடை போர்டு வைத்தவர் தன் வேலை முடிந்தது என்று போய்விடுகிறார், நாளைக்கு ஒருவன் செத்தால் "போர்டு வைத்திருந்தோமே" என்று சொல்ல வசதி. எனக்கு அந்தத் தடையில் நம்பிக்கை இல்லை. ஏரி மீன் ஏலம் விடுகிறார்கள், பாசி குத்தகை என்று பணம் வாங்குகிறார்கள். எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் என்று பத்து நிபந்தனை. பரிசலுக்கு இத்தனை ஜாக்கெட் இருக்க வேண்டும் என்று பதினோராவது நிபந்தனை எழுத எத்தனை மை செலவாகும்? கரையில் ஒரு நீளக் கயிறும் இரண்டு காலி கேனும் தொங்கவிட எந்த நிதியிலிருந்து அனுமதி வர வேண்டும்? ஜனவரி 26 கிராம சபையில் இதை எழுந்து கேட்கப் போகிறேன். தீர்மானமாக எழுதும்வரை உட்கார மாட்டேன். கூட வருகிறவர்கள் வரலாம்.

காலி கேன் எதற்கு என்று கேட்பீர்கள். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை மூடி இறுக்கித் தண்ணீரில் போட்டால் கிட்டத்தட்ட ஐந்து கிலோவைத் தாங்கும். தண்ணீருக்குள் உங்கள் உடம்புப் பாரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்குகிறது. வாயும் மூக்கும் மேலே நிற்க இன்னும் நான்கைந்து கிலோ தாங்கல் கிடைத்தால் போதும். முட்டைக்கு உப்புச் செய்த வேலை இதுதான், முட்டையை மிதக்க விட்டபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒருவன் தத்தளித்தால் கேனைக் கயிறு கட்டி வீசுங்கள், குதிக்காதீர்கள். குதித்தவனையும் சேர்த்து இழுத்துப் போன கதைகள் நம் பக்கம் எத்தனை! கேன் ஜாக்கெட்டுக்கு மாற்று இல்லை, மயங்கியவன் கை கேனைப் பிடிக்காது.

போகவே போகாதே என்று நான் சொல்லவில்லை. விரால் குழம்பு எனக்கும் பிடிக்கும். போகும்போது எந்த ஏரி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. செல்போனைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கழுத்தில் போடு. ஷூவைக் கரையில் கழற்று. இரண்டு பேர் பரிசலில் இரண்டு பேர்தான். மீன் மாட்டினால் உட்கார்ந்தே இழு, பெரிய மீன் என்றால் போகட்டும், அடுத்த ஞாயிறு வரும். கவிழ்ந்தால் பரிசலை விடாதே. கரை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் தெரிந்தாலும் விடாதே. இந்த ஒன்றை மட்டுமாவது உங்கள் பிள்ளைகளுக்கு இன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது சொல்லுங்கள்.

அக்கா மகனுக்குத் தனியாக: நாற்பது சிரிப்புப் பொம்மை வாங்கினாய், சந்தோஷம். உன் அம்மாவிடம் போய் அந்தப் படத்தைக் காட்டு. காட்டிவிட்டு என்ன சொன்னாள் என்று கீழே எழுது.

என் பென்ஷன் பணத்தில் நான்கு ஜாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். திண்ணையில் ஆணியில் தொங்குகின்றன. இரண்டு பெரியது, ஒன்று நடுத்தரம், ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு. பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கும். எடுத்துப் போகிறவர்கள் பெயர், நேரம், ஏரி மூன்றையும் எழுதிவிட்டுப் போக வேண்டும், கையெழுத்து புரியும்படி. இருட்டுவதற்குள் திருப்பிக் கொண்டுவந்து அலசிக் காயப்போட வேண்டும், ஈரத்தோடு மாட்டினால் நாறும். நடுத்தர சைஸில் வலது பக்கக் கொக்கி கொஞ்சம் இறுக்கம். "டக்" என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள்.